ஓபரா தெரியாமல் ‘ஃப்ரேசியர்’ பார்ப்பது எப்படி: சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

“நிறுத்தாதடா” என்று அப்பா நாலாவது தடவையாகச் சொன்னார்.

திரையில் அண்ணனும் தம்பியும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து ஏதோ ஓபராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பலை எழுந்தது. நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். போனில் அந்த ஓபராவைத் தேடி, கதைச்சுருக்கம் படித்து, அப்பாவுக்கும் விளக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இருபத்திரண்டு நிமிட நிகழ்ச்சி எங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. இதில் கூத்து என்னவென்றால், உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, ஓபரா எந்த நாட்டுச் சமாச்சாரம் என்றுகூடக் கேட்காதவர், சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சரியாகச் சிரித்திருந்தார். தேடித் தேடிப் படித்த நான்தான் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அந்த முறைதான் இங்கே. ‘ஃப்ரேசியர்’ மாதிரியான, மேல்தட்டு ரசனையை அள்ளித் தெளிக்கும் ஆங்கில நகைச்சுவைத் தொடரைப் பார்க்க ஆசைப்பட்டு, முதல் பத்து நிமிடத்தில் ‘இது நமக்கானது இல்லை’ என்று மூடி வைத்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் விவரம். ஃப்ரேசியர் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1993 செப்டம்பரில் தொடங்கி 2004 மே வரை ஓடியது. 11 பருவங்கள், 264 அத்தியாயங்கள், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் 37. அதில் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான விருதை மட்டும் தொடர்ந்து ஐந்து வருடம் வாங்கியது. கதை சியாட்டில் நகரத்தில் நடக்கிறது. ஃப்ரேசியர் கிரேன் ஒரு மனநல மருத்துவர்; வானொலியில் நேயர்களின் பிரச்சினைகளைக் கேட்டு ஆலோசனை சொல்பவர். தம்பி நைல்ஸும் அதே தொழில். அப்பா மார்ட்டின், இடுப்பில் குண்டு பாய்ந்து ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த டாஃப்னி, வானொலி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ராஸ், அப்பாவின் நாய் எடி. இவ்வளவுதான் வீடு.

படி 1: நாற்காலியில் தொடங்குங்கள்

எந்த அத்தியாயத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் அத்தியாயத்தைக் கட்டாயம் பாருங்கள். அதில் ஒரு நாற்காலி வருகிறது. மொத்தத் தொடருக்கும் சாவி அதுதான்.

ஃப்ரேசியர் தன் வீட்டை இழைத்து இழைத்து அலங்கரித்து வைத்திருக்கிறான். பாரிஸில் கோகோ ஷனேல் வைத்திருந்த சோபாவின் அச்சு நகல். சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும் சேர்ந்து வடிவமைத்து 1956இல் வெளிவந்த சாய்வு நாற்காலி. சிஹூலியின் கண்ணாடிக் கலைப்பொருள். ஒன்றோடொன்று ஒட்டாத பொருட்களாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: ‘எக்லெக்டிக்’. பல பாணிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்து ரசனையோடு சேர்த்தது என்று பொருள். தரமான பொருளாக இருந்தால் போதும், ஜோடி சேர வேண்டியதில்லை என்பது அவன் கட்சி.

அந்த நடுக்கூடத்துக்குள் அப்பாவின் பழைய நாற்காலி வந்து இறங்குகிறது. பச்சையும் பழுப்புமாகக் கோடு போட்ட துணி. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. இது இங்கே எதனோடும் சேராதே என்று மகன் துடிக்கிறான். அப்பா அசரவில்லை. தெரியும், ஆனால் இது எக்லெக்டிக் என்கிறார்.

கவனியுங்கள். ஈம்ஸ் யார், ஷனேல் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. விலை உயர்ந்த ஏதோ ஒன்று, அதற்குப் பக்கத்தில் டேப் ஒட்டிய ஒன்று. அந்தப் பெரிய சொல்லை மகன் கையிலிருந்து அப்பா சட்டென்று பிடுங்கித் தன் நாற்காலிக்குப் போட்டுக்கொள்கிறார். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு கைமாற்றத்தைப் பிடித்துவிட்டால், பதினோரு பருவமும் இதையே வேறு வேறு வேஷத்தில் செய்வது புலப்படும்.

எங்கள் அப்பா அந்த இடத்தில் மட்டும் அவராகவே நிறுத்தச் சொன்னார். “அந்த வார்த்தை என்னடா?” சொன்னேன். ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

படி 2: முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள்

இந்தத் தொடர் பார்வையாளர்கள் முன்னால் அரங்கில் நடித்துப் பதிவானது. அங்கே உட்கார்ந்து சிரித்தவர்கள் அத்தனை பேரும் இத்தாலிய இசை படித்தவர்களா என்ன? ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களும் வேலை முடிந்து வந்தவர்களும்தான். அவர்கள் கையில் போன் கிடையாது, நிறுத்தும் பொத்தானும் கிடையாது. ஆகவே ஒரு வசனத்துக்குச் சிரிப்பு வருகிறது என்றால், அங்கே தேடிப் பார்க்காமலே பிடிபடுகிற ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத் தேடுங்கள். பெரும்பாலும் பேசுபவன் முகத்தில் இருக்காது. கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா முகத்திலோ ராஸின் புருவத்திலோ இருக்கும்.

இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ. முதல் மலையாளப் பேசும்படத்தை 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956இலும் கொடுத்த இடம். அந்தக் காலத்துப் படங்களில் வசனம் என்றால் அடுக்குமொழி, இலக்கிய உவமை, பாதிக்கு மேல் மேடைத் தமிழ். அப்பா அவற்றைத் தரை டிக்கெட்டில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். “எல்லாம் புரிஞ்சுதாப்பா?” என்று கேட்டேன். “எங்க புரிஞ்சுது? அவன் தோரணையா ஏதோ சொல்றான், எதிராளி மூஞ்சி தொங்கிப்போச்சு, கை தட்டுனோம்” என்றார். ஃப்ரேசியர் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். இவர்கள் வேகமாகப் பேசுவார்கள், அதுவும் நைல்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவான். எழுத்தில் பார்த்தால் பெயர் எது, வினை எது என்றாவது பிரியும்.

படி 3: கறிவேப்பிலையா, புளியா, சட்டியா என்று பிரியுங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது இந்த வேலை. வருகிற ஒவ்வொரு பெரிய பெயரையும் மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

கறிவேப்பிலை: மணத்துக்குப் போட்டது, ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடலாம். இதுதான் அதிகம். சியாட்டிலில் ஏதோ ஒரு பிரெஞ்சு உணவகத்தின் பெயர், ஏதோ ஒரு வருடத்து ஒயின், ஒரு இசைக்குழு நடத்துநர் பெயர். இவற்றுக்குப் பதிலாக வேறு பெயர் வைத்தாலும் சிரிப்பு குறையாது. ‘இவன் எவ்வளவு அலட்டுகிறான்’ என்று காட்ட மட்டும்தான். பத்தில் ஏழு இந்த வகை என்பது என் கணக்கு. இவற்றைத் தேடிப் போனால் நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீர்கள்.

புளி: இது இல்லாவிட்டால் ரசமே இல்லை. ஒரு உதாரணம். முதல் பருவத்தின் கடைசியில் ஃப்ரேசியருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒருநாள் நைல்ஸ் வானொலியில் உட்காருகிறான். நேயர்களுக்குத் தன்னை அறிமுகப்படுத்தும்போது, அண்ணன் ஃப்ராய்டு வழி, நான் யுங் வழி, ஆகவே இன்றைக்கு அம்மாவைக் குறை சொல்லும் வேலை இருக்காது என்கிற பொருளில் ஒரு வரி விடுகிறான். ஃப்ராய்டு மனக்கோளாறுகளின் வேரைக் குழந்தைப் பருவத்திலும் பெற்றோர் உறவிலும் தேடியவர் என்ற ஒரு தகவல் இல்லாமல் இந்த வரிக்குச் சிரிக்க வழியே இல்லை. இந்த மாதிரி இடத்தில் நிறுத்தித் தேடலாம், தப்பில்லை.

சட்டி: இங்கே பெயர் எதுவும் வராது. அத்தியாயத்தின் அமைப்பே பழைய நாடக வடிவத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். ஆள்மாறாட்டம், தவறாகக் கேட்டது, ஒரே நேரத்தில் திறக்கும் ஐந்து கதவுகள். பிரான்ஸில் ஃபேதோ மாதிரியான நாடகாசிரியர்கள் நூறு வருடங்களுக்கு முன் வளர்த்த கலை. உண்மையில் ஃப்ரேசியரின் மேதமை பெயர் உதிர்ப்பதில் இல்லை, இந்தச் சட்டியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதை ரசிக்கத் தனியாக எதுவும் படிக்க வேண்டாம். நம் சபா நாடகங்களே போதிய பயிற்சி.

படி 4: ஒரு பக்கக் கையேடு தயார் செய்யுங்கள்

புளி வகைக்காக ஒரு பக்கம் போதும். நான் பழைய டைரியில் எழுதி வைத்தது இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஃப்ராய்டும் யுங்கும்: வியன்னாக்காரர் சிக்மண்ட் ஃப்ராய்டு (1856–1939), சுவிட்சர்லாந்துக்காரர் கார்ல் யுங் (1875–1961). 1907இல் சந்தித்தார்கள். ஃப்ராய்டு யுங்கைத் தன் வாரிசாகவே பார்த்தார். 1913க்குள் உறவு முறிந்துவிட்டது. முன்னவருக்கு அடக்கி வைத்த ஆசை, வாய்தவறி வரும் சொல், தாய் தந்தை. பின்னவருக்கு மனித குலம் முழுமைக்கும் பொதுவான ஆழ்மனம், தொல்படிமங்கள், கனவுகள். அண்ணன் தம்பிக்கு இந்த இரண்டு பேரையும் பிரித்துக் கொடுத்ததில் எழுத்தாளர்களின் குறும்பு தெரிகிறது. ஏற்கெனவே சண்டை போட்டுப் பிரிந்த குருமார்களைப் பங்கு போட்டுக்கொண்ட சகோதரர்கள் எப்படி ஒத்துப்போவார்கள்?

ஓபரா: கதை முழுவதையும் பாடியே நடத்துவது. நம்மூர் இசை நாடகத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆண் குரலில் உச்சம் டெனர், நடு பாரிடோன், கீழ் பேஸ். பெண் குரலில் உச்சம் சோப்ரானோ. இத்தாலியின் வெர்டி பெயர் அடிக்கடி அடிபடும். அவருடைய ‘ரிகோலெட்டோ’ 1851இல் வெனிஸில் அரங்கேறியது. ஊரையே கேலி செய்யும் அரசவை விதூஷகன் கடைசியில் தன் மகளையே பறிகொடுக்கும் கதை. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்தால் போதும்.

ஷெர்ரி: அண்ணனும் தம்பியும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஊற்றிக்கொள்வது. ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதி ஒயின், அந்த ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் மருவி ஷெர்ரி ஆனது. அப்பா குடிப்பது பீர். ஒரே அலமாரியில் இரண்டு பானம் என்றால் ஒரே வீட்டில் இரண்டு வர்க்கம் என்று பொருள்.

சிஹூலி: சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான டகோமாவில் 1941இல் பிறந்த கண்ணாடிக் கலைஞர். ஆக இது உள்ளூர்ப் பெருமை. நம் வீட்டு ஷோகேஸில் ஒரு பொருளைக் காட்டி ‘இது நம்ம ஊர்க்காரர் பண்ணினது’ என்பதுபோல.

மேரிஸ்: நைல்ஸின் மனைவி. பெரிய பணக்காரி. தேட வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். திரையில் கடைசிவரை வரவே மாட்டாள்.

அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் கையேடு பாடப்புத்தகம் ஆகிவிடும்.

படி 5: இந்த வரிசையில் பாருங்கள்

264ஐயும் வரிசையாகப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் அத்தியாயம் முடிந்ததும் இரண்டாம் பருவத்துக்குத் தாவி, 1995இல் வந்த ‘ஆன் அஃபேர் டு ஃபர்கெட்’டைப் பாருங்கள். மேரிஸுக்கு வாள்வீச்சு கற்றுத்தரும் ஜெர்மன்காரன் மேல் நைல்ஸுக்குச் சந்தேகம். நேரில் போய் வாளை உருவிவிடுகிறான். ஆனால் சண்டைக்காரனுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ஜெர்மனும் ஸ்பானிஷும் தெரியும். ஃப்ரேசியருக்கு ஸ்பானிஷ் தெரியும். ஆக நைல்ஸ் ஆங்கிலத்தில் சவால் விட, அண்ணன் ஸ்பானிஷில் சொல்ல, அந்தப் பெண் ஜெர்மனில் சொல்ல வேண்டும். பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். நடுவில் ‘மனைவி’ என்ற சொல் ‘காலணி’ ஆகிவிடுகிறது. ஆவேசமாக வாள் பிடித்து நிற்கிறவனிடம், உன் செருப்பு எனக்கெதற்கு என்கிற ரீதியில் பதில் வந்து சேர்கிறது.

இதில் எத்தனை மேட்டிமை அடங்கியிருக்கிறது பாருங்கள். வாள்வீச்சு, மூன்று ஐரோப்பிய மொழி, மானம் காக்கும் துவந்த யுத்தம். ஆனால் பேருந்து நிலையத்தில் ஒரு வடநாட்டுப் பயணிக்கு, பாதி இந்தி தெரிந்த ஒருவர் வழியாக டீக்கடைக்காரர் விலை சொல்வதைப் பார்த்த யாருக்கும் இது புரியும். அப்பா இந்த அத்தியாயத்தை மூன்று தடவை பார்த்துவிட்டார்.

அடுத்து அதே பருவத்தின் ‘தி இன்கீப்பர்ஸ்’. பழைய உணவகம் ஒன்றை அண்ணனும் தம்பியும் வாங்கி, ‘மகிழ்ச்சியான சகோதரர்கள்’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்துத் திறக்கிறார்கள். திறப்பு விழா இரவில் விலாங்கு மீன், நெருப்பு, கடைசியில் சுவரை உடைத்துக்கொண்டு வரும் கார்.

அப்புறம் ‘ஹாம் ரேடியோ’ (1997). வானொலி நிலையத்தின் பழைய மர்ம நாடகத்தை ஃப்ரேசியர் இயக்குகிறான். நடிப்பவர்களை விளக்கம் சொல்லியே கொல்கிறான். பொறுமையிழந்த நைல்ஸ் நேரடி ஒலிபரப்பில் பாத்திரங்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளிக் கதையை முடித்துவைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை உட்காரவைத்துப் பாருங்கள்.

‘தி ஸ்கீ லாட்ஜ்’ (1998) சட்டி வகையின் சிகரம். பனிமலை விடுதியில் ஓர் இரவு. நைல்ஸ் டாஃப்னியை விரும்புகிறான். டாஃப்னிக்குப் பனிச்சறுக்கு வாத்தியார் மேல் கண். வாத்தியாருக்கு நைல்ஸ் மேல். டாஃப்னியின் தோழிக்கும் நைல்ஸ் மேல்தான். ஃப்ரேசியருக்கு அந்தத் தோழி மேல். இத்தனை குழப்பத்துக்கும் காரணம், காது அடைத்துப்போன அப்பா மார்ட்டின் ஒன்றைக் கேட்டு வேறொன்றைச் சொல்லிவைப்பது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதி வழியில் காது அடைத்து, ‘என்ன சொன்ன?’ என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறவர்களுக்கு அவர் படும் பாடு கூடுதலாகவே புரியும். கதவுகள் திறந்து மூடி எல்லாம் வெளிவந்த பிறகு ஃப்ரேசியருக்கு ஒன்று உறைக்கிறது: இத்தனை பேரில் தன்னை மட்டும் ஒருவரும் துரத்தவில்லை.

நான் இதை ஒரு நண்பரின் காபித் தோட்ட வீட்டில், மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி இரவில் பார்த்தேன். சரியாகக் கடைசி மூன்று நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. யார் யாரை விரும்புகிறார்கள் என்று இருட்டில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் கணக்கு சரியாக வரவில்லை.

மொழியே வேண்டாம் என்றால் ‘த்ரீ வாலண்டைன்ஸ்’ (1999) அத்தியாயத்தின் முதல் பகுதி. நைல்ஸ் தனியாக, ஏறக்குறைய வசனமே இல்லாமல், கால்சட்டை மடிப்பைச் சரிசெய்யப் போய் வீட்டைக் கொளுத்துகிறான். அவ்வளவு படித்தவனின் வாயைக் கட்டிவிட்டால் என்ன மிஞ்சும் என்று காட்டும் பரிசோதனை அது.

‘லுக் பிஃபோர் யூ லீப்’ (1996) பற்றி ஒரு வரி. வருடாவருடம் பாடும் எளிய பாட்டை விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் வெர்டியின் ஓபராப் பாடலைப் பாடுகிறேன் என்று ஃப்ரேசியர் கிளம்புகிறான். கடைசி நொடியில் பயந்து எளிய பாட்டுக்கே தாவுகிறான், அதற்கும் வரிகள் மறந்துபோகிறது.

2023இல் வந்த புதிய ஃப்ரேசியரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவங்களோடு நின்றது. மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி 2018இல் காலமாகிவிட்டார். தம்பியும் இல்லை. அலட்டுவதற்கு ஜோடியும் இல்லை, அடக்குவதற்கு அப்பாவும் இல்லை. எனக்கு ஒட்டவில்லை.

படி 6: கறுப்பு அட்டைகளைத் தவறவிடாதீர்கள்

காட்சிகளுக்கு நடுவே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு தலைப்பு வந்து போகும். பெரும்பாலும் சிலேடை, நாவல், நாடகப் பெயர்களை முறுக்கி எழுதியது. அந்த நேரத்தில்தான் நாம் முறுக்கு எடுக்கக் குனிவோம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் வைத்த காளமேகத்தின் ஊர்க்காரர்கள் நாம், இதை விடலாமா? காட்சி முடிந்த பிறகுதான் தலைப்பின் இரண்டாவது பொருள் திறக்கும். அதனால் வாசித்து வைத்துக்கொண்டு, காட்சி முடிந்ததும் திரும்ப யோசியுங்கள்.

தொடரின் முடிவுப் பாட்டிலும் இதே வேலை இருக்கிறது. கலந்த சாலட், கலக்கிய முட்டை என்று வரும். சமையல் குறிப்பு இல்லை. மனம் குழம்பி இவனுக்கு போன் செய்யும் நேயர்கள்தான் அந்த சாலட்டும் முட்டையும். மனநல மருத்துவம் என்ற பேச்சையே எடுக்காமல் எழுதிய வரிகள்.

படி 7: தெரியாதவர் ஒருவரோடு பாருங்கள்

தனியாகப் பார்த்தால் நீங்கள் ஃப்ரேசியர் ஆகிவிடுவீர்கள். பக்கத்தில் ஒரு மார்ட்டின் வேண்டும்.

இந்தத் தொடர் பிறந்ததே அந்தக் கணக்கில்தான். ஃப்ரேசியர் முதலில் 1984இல் ‘சியர்ஸ்’ என்ற தொடரில் வந்த பாத்திரம். பாஸ்டனில் ஒரு மதுக்கடை, பீர் குடிக்கும் சாதாரண ஜனங்கள், நடுவில் இந்தப் படித்த மனிதர். அலட்டினால் அடக்க ஒரு கடையே இருந்தது. அவனுக்கென்று தனித் தொடர் போட்டபோது அந்த மதுக்கடையை எங்கே வைப்பது? அப்பா உருவத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பழைய தொடரில் அப்பா செத்துப்போனதாக ஃப்ரேசியர் சொல்லியிருந்தான் என்பது வேறு விஷயம். பழைய நண்பன் ஒருவன் சியாட்டிலுக்கு வந்து, உயிரோடு இருக்கும் அப்பாவைப் பார்த்து முழிக்கும்போது, அன்றைக்கு அப்பாவோடு சண்டை என்று சமாளிக்கிறான். எழுத்தாளர்களின் ஓட்டையை மகனின் பொய்யாக மாற்றிய கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்று. பீரும் பேஸ்பாலுமாக அச்சு அசல் அமெரிக்கராக வரும் மஹோனி பிறந்தது இங்கிலாந்தின் பிளாக்பூலில்.

படி 8: நம்மூர்க் காட்சி ஒன்றை எழுதிப் பாருங்கள்

புரிந்ததா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நான் முதலில் எழுதியது படுதோல்வி. அண்ணன் தம்பி இருவர் கரகரப்பிரியா ராகத்தைப் பற்றி வாதாடுகிறார்கள், அது 22ஆவது மேளகர்த்தா என்று ஒருவன் திருத்துகிறான். அம்மாபேட்டை நண்பரிடம் காட்டினேன். “பாடம் நடத்துற மாதிரி இருக்குங்க” என்றார். சரிதான். பெயர்கள் இருந்தன, பிடுங்க ஆள் இல்லை. தகவல் சரியாக இருந்தது, யாருக்கும் எதுவும் பறிபோகவில்லை.

இரண்டாவது முயற்சியில், தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டு கடைக்கு அவர்களை அழைத்துப்போனேன்.

அண்ணன்: (ஒரு கடி கடித்து, கண்ணை மூடி) பீட்ரூட் ரொம்ப முந்துது. சட்னி பக்கவாத்தியம்தானே? அடக்கி வாசிக்க வேணாமா?

தம்பி: எனக்கென்னமோ வர்ணம் பாடாம நேரா தில்லானாவுக்குப் போன மாதிரி இருக்கு.

அண்ணன்: தில்லானாவா? மங்களமே பாடிட்டான்.

அப்பா: (கடைக்காரரிடம்) தம்பி, இவங்க ரெண்டு பேருக்கும் மங்களம் பாடியாச்சாம். அந்தத் தட்டு ரெண்டையும் இப்படித் தள்ளுங்க.

கச்சேரி வர்ணத்தில் தொடங்கும், தில்லானா கடைசிப் பக்கம் வரும், மங்களத்தோடு முடியும் என்று தெரிந்தவருக்கு நடு வரிகளில் ஒரு சின்னப் புன்னகை கூடுதல். தெரியாதவருக்கு நஷ்டமில்லை; இரண்டு தட்டும் அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததை அவரும் பார்க்கிறார். ‘மங்களம் பாடியாச்சு’ என்பது பேச்சுவழக்கில் முடிந்துபோனதற்குச் சொல்வது என்பதால் அப்பா வாயில் இயல்பாக உட்காருகிறது. இந்த மாதிரி இரண்டு வீட்டிலும் புழங்கும் சொல்லாகத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் காட்சியை விட்டுவிடுவது நல்லது.

எழுதும்போது ஒன்றில் கவனம் தேவை. படிப்பையே கேலி செய்துவிடாதீர்கள். ஃப்ரேசியரும் நைல்ஸும் இசையை உண்மையாகவே நேசிக்கிறார்கள். வெர்டி கேலிக்குரியவர் இல்லை. வெர்டியை ஏணியாகப் போட்டு அடுத்தவன் தலைக்கு மேல் ஏறப் பார்ப்பதுதான் கேலிக்குரியது. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் ‘படிச்சவன் எல்லாம் பைத்தியக்காரன்’ என்ற மட்டமான நகைச்சுவையாகிவிடும். அது நம்மிடம் ஏற்கெனவே நிறையவே இருக்கிறது.

படி 9: மறுபடி நாற்காலிக்கு வாருங்கள்

கடைசியாகப் பார்க்க ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதல் பருவத்திலேயே வருவதுதான்: ‘கிவ் ஹிம் தி சேர்’. ஃப்ரேசியர் அப்பாவின் நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, முதுகு பிடித்துவிடும் விலை உயர்ந்த நாற்காலி ஒன்றை வாங்கிப் போடுகிறான். பழையது கைமாறிக் காணாமல் போகிறது. அப்போதுதான் மார்ட்டின் சொல்கிறார், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதையெல்லாம் பார்த்தேன் என்று. மனிதன் நிலவில் கால் வைத்ததை அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பேரன் பிறந்த சேதி வந்தபோதும் அதில்தான் இருந்திருக்கிறார். கடைசியில் நாற்காலி ஒரு பள்ளி நாடக மேடையில் அகப்படுகிறது. ஒரு பருவம் முழுக்கச் சிரிப்புக்குப் பயன்பட்ட பொருள், அந்த இரண்டு நிமிடம் சிரிப்பாக இருப்பதில்லை.

அப்பா அன்று எதுவும் சொல்லவில்லை. அக்கா போன வருடம் புது சோபா வாங்கிப் போட்டபோது அவருடைய வயர் நாற்காலி மொட்டை மாடிக்குப் போயிருந்தது. நீலமும் வெள்ளையும் பின்னிய வயர், ஒரு பக்கம் அறுந்து நைலான் கயிறு கட்டியது. மறுநாள் காலை நான் எழுந்து வரும்போது அது நடுக்கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார்.

சாயங்காலம் அக்கா வீடியோ காலில் வந்தாள். முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏம்ப்பா, அந்த ஓட்டை நாற்காலியை எதுக்கு நடு ஹால்ல போட்டிருக்கீங்க? சோபாவுக்குப் பக்கத்துல நல்லாவா இருக்கு?”

அப்பா போனைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

“அது எக்லெக்டிக்கு, கண்ணு.”